எண்பத்தெட்டாவது ஆள்

பட்டியலில் மட்டுமே இருந்த ஒருவர், மனைவியோடும் மகளோடும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு மண்டபத்துக்கு வந்து, வரவேற்பு மேசையில் தன் அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டார். அட்டை தயாராகவே இருந்தது. முன்னாள் கடற்படைக்காரர்களின் குடும்பச் சந்திப்புக்கு அட்டை அடிக்கிறவர்கள் கப்பலின் பழைய ஆள் பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் எண்பத்தெட்டு அட்டை அடிப்பார்கள். செத்துப்போனவர்கள், வெளிநாட்டில் பேரக்குழந்தை பார்த்துக்கொள்ளப் போனவர்கள், இன்னார் வந்தால் நான் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டவர்கள் ஆகியோரின் அட்டைகளோடு அந்த எண்பத்தெட்டாவது அட்டையும் டப்பாவுக்குள் திரும்பிவிடும். பத்தொன்பதாவது சந்திப்பில்தான் அதற்கு ஆள் வந்தது. வந்தவர் சட்டையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த சமையல்காரரின் மருமகள் தரையைத் துடைக்க ஆள் அனுப்பச் சொன்னாளே தவிர, வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சுக்கான்காரர் அப்போது மேடையில் மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலில் சுக்கான் பிடித்தவர் என்பதால் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகளாகியும் அவருக்கு அதுதான் பெயர். வந்தவரின் சட்டையில் இருந்த எண்ணைப் பார்த்ததும் மைக்கை அணைத்தார். கப்பலில் இருந்தவர்கள் மொத்தம் எண்பத்தேழு பேர். அது அந்த எண்பத்தேழு பேருக்கும் தெரியும். அவர்கள் மனைவிமார் ஒருவருக்கும் தெரியாது.

நடந்தது இதுதான். நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், நல்ல வெயிலில், அலையில்லாத கடலில், கலங்கரை விளக்கம் கண்ணெதிரே குத்துக்கல் போல நிற்க, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு அந்தக் கப்பல் இதே துறைமுகத்தின் வாயிலில் உள்ள மணல் திட்டில் ஏறி உட்கார்ந்தது. சுக்கானைப் பிடித்திருக்க வேண்டியவர் அதை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, கீழே முடிதிருத்துகிறவரின் அறையில் மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தார். அவருக்கு இருபத்தாறு வயதிலேயே மீசையில் நரை விழுந்திருந்தது. பேசி முடித்திருந்த பெண், கப்பல் வருவதைப் பார்க்கத் தன் அப்பா அம்மாவோடு துறைமுகத்துக்கு வந்திருந்தாள். முதல் பூச்சு காய்ந்து இரண்டாவது பூச்சு தொடங்கியபோது கப்பல் நின்றது. தூரிகை வழுக்கி, மை காதுவரை போனது.

மூன்றாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். யார் சுக்கானில் இருந்தது என்று அவர் கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, கேப்டன் தன் கப்பலின் மானத்தைக் காப்பாற்ற ரைட்டரைக் கூப்பிட்டார். ரைட்டர் என்பவர் கப்பல் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்தவர்; கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆள் பட்டியலில் எண்பத்தேழுக்குக் கீழே அவர் இன்னொரு வரி எழுதினார். வலக்கண் மாறுகண், அன்று சுக்கானில் பணி, மணல் தட்டியதும் கடலில் குதித்து நீந்தித் தப்பியோட்டம், தேடியும் கிடைக்கவில்லை. விசாரணை அதிகாரிக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இல்லாதவனைத் தண்டிப்பதில் ஒரு சௌகரியம், அவன் மேல்முறையீடு செய்யமாட்டான். கோப்பு அன்றே மூடப்பட்டது. அதன் பிறகு சமையலறையில் தீப்பிடித்ததும், நாற்பத்திரண்டு கம்பளிகள் காணாமல் போனதும், கேப்டனின் தொலைநோக்கி கடலில் விழுந்ததும்கூட முன்தேதியிட்டு எண்பத்தெட்டின் கணக்கில் சேர்ந்தன. அவர் ஓடிப்போன பிறகு நடந்தவைகூட அவர் போகும்போது செய்துவிட்டுப் போனவை என்று எழுதப்பட்டன. ஒரே ஆண்டில் பதினேழு குற்றங்கள். இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது உலக வழக்கம். இவர்களுக்கு அரைப்பதற்குத் தலைகூடத் தேவைப்படவில்லை.

சுக்கான்காரருக்குக் கல்யாணம் நடந்தது. பணியில் இல்லாத நேரத்திலும் வெறுங்காலோடு ஓடிவந்து, எவனோ விட்டுவிட்டு ஓடிய சுக்கானைத் தாவிப் பிடித்து, கப்பல் இரண்டாகப் பிளக்காமல் காப்பாற்றியவர் என்றுதான் பெண் வீட்டில் சொல்லப்பட்டது. பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறவள், இந்த ஒன்றை மட்டும் கூட்டிப் பார்க்கவில்லை. வெறுங்கால் என்று சொன்னார்களே, அதில் விழுந்துவிட்டாள்.

கப்பலை உடைத்து இரும்புக்குப் போட்ட பிறகு ஆண்டுச் சந்திப்புகள் தொடங்கின. முதல் சந்திப்பில் பதினொரு பேர், மூன்றாவதில் ஐம்பது. ஒவ்வோர் ஆண்டும் மதியச் சாப்பாட்டுக்கு முன் சுக்கான்காரர் மேடையேறி மணல் திட்டுக் கதையைச் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் அலை ஓர் அடி உயரும், எண்பத்தெட்டு இன்னும் கொஞ்சம் கெட்டவராவார். அவருக்கு இடக்கண்தான் மாறுகண் என்று சமையல்காரர் அடித்துச் சொன்னார். தன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவன் என்றார் இன்னொருவர். எட்டாவது ஆண்டில் ரைட்டர் மனம் இளகி, பாவம், அவனுக்கும் ஒரு பொண்டாட்டி இருந்தா என்றார். பன்னிரண்டாவது ஆண்டில் கணக்கு டீச்சர் எழுந்து, அவருக்கு ஒரு பெண்ணும் இருக்கும், பத்தொன்பது வயசு இருக்கும், நன்றாகப் படிக்கிற பெண்ணாக இருக்கும், அப்பன் பெயரால் அது என்ன பாடுபடுகிறதோ என்று வருத்தப்பட்டாள். வீட்டுக்காரிகள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். ஆக, எண்பத்தெட்டின் மகள் பிறக்கும்போதே பத்தொன்பது வயதாகப் பிறந்தாள். டீச்சர் சொல்லிவிட்டதால் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாள். இப்போது அவளுக்கு இருபத்தாறு.

அந்தக் குடும்பம்தான் மண்டபத்துக்குள் வந்தது. ரைட்டர் பக்கமிருந்து பார்க்கிறவர்களுக்கு எண்பத்தெட்டின் வலக்கண் மாறுகண்ணாக இருந்தது, சமையல்காரர் பக்கமிருந்து பார்த்தால் இடக்கண். நீந்திக் கரையேறினார் என்று சொன்னவர்கள் துணி உலர்ந்தது என்று சொல்லாமல் விட்டதால் அவர் நாற்பத்தொரு ஆண்டுகளாக ஈரமாகவே இருந்தார். மனைவி கையில் எப்போதும் ஒரு துண்டு. அவர் கோபமாக வந்திருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவரோ ஒவ்வொருவராகத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டார்.

"அண்ணே, உங்க அடுப்படியைக் கொளுத்திட்டேனாமே. என்ன புத்தியில பண்ணேனோ, மனசுல வெச்சுக்காதீங்க."

அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டுச் சீட்டாடப் போயிருந்த சமையல்காரர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார். "பரவால்ல தம்பி, விடு. வயசுக் கோளாறு."

கம்பளிகளை விற்றவரும் அவரை மன்னித்தார். தொலைநோக்கியைத் தவறவிட்ட கேப்டன், எண்பத்தாறு வயது, காது மந்தம், விஷயம் முழுவதும் புரியாமலேயே மிகப் பெருந்தன்மையாக மன்னித்தார். அந்த அரை மணி நேரத்தில் மண்டபத்தில் இருந்த அளவுக்கு மன்னிக்கும் குணம் வேறெங்கும் இருந்திருக்காது.

மகள் மன்னிப்புக் கேட்க வரவில்லை. கையில் ஒரு கோப்பு வைத்திருந்தாள். துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களில் ஏறி, மணல் திட்டுகளுக்கு நடுவே வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட் வேலைக்கான தேர்வில் மூன்று தடவை முதலாவதாக வந்தவள். மூன்று தடவையும் துறைமுக அலுவலகம் ஒரே பதிலை அனுப்பியது: சுக்கானை விட்டு ஓடியவரின் மகள் கையில் கப்பலைக் கொடுப்பதற்கில்லை. நான்காவதும் கடைசியுமான விண்ணப்பத்துக்கு மறுநாள் திங்கள்கிழமை மாலை ஐந்து மணிவரை கெடு. அப்பா அதைச் செய்யவில்லை என்று அன்று கப்பலில் இருந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும். கூட்டத்தில் யாரைக் கேட்பது என்று முழித்துக்கொண்டிருந்தவளைக் கணக்கு டீச்சர் பக்கத்தில் உட்காரவைத்து, கோப்பை வாங்கிப் படித்து, கணவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. இந்தப் பொண்ணு மூணு தடவை முதல் மார்க். எவனோ என்னமோ பண்ணதுக்கு இது ஏன் சாகணும்? அன்னிக்குக் கப்பலைக் காப்பாத்தினதே நீங்கதானே? நீங்க ஒரு வார்த்தை எழுதினா எவன் மறுப்பான்?"

"எழுதலாம்மா," என்றார் சுக்கான்காரர். "யோசிச்சு எழுதணும்."

"நாப்பத்தொரு வருஷமா யோசிக்காம பேசுறீங்க. எழுதத்தான் யோசனையா?"

சுக்கான்காரரும் ரைட்டரும் சமையல்காரரும் கேப்டனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு நாற்காலிகள் அடுக்கியிருந்த பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். ரைட்டர் பேச்சை நீட்டவில்லை.

"உண்மையைச் சொல்லிடுவோம். அப்படி ஒரு ஆளே இல்லேன்னு. ஆளே இல்லேன்னா குத்தம் எங்க இருக்கு? யார் மேலயும் இல்ல."

அவர் சொல்லி முடிக்கும்போது வெளியே தேநீர்க் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. கதவை நீக்கிப் பார்த்தார்கள். எண்பத்தெட்டின் வலக்கை கண்ணாடிபோல ஆகியிருந்தது, கோப்பை அதன் ஊடாகத்தான் விழுந்திருந்தது. அவர் மனைவி தன் விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியின் கம்பிகள் அவள் வழியாகத் தெரிந்தன. அவள் அதைக் கவனிக்காமல் டீச்சரிடம் நீரோட்டக் கணக்கு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தாள்.

"இருக்கான், இருக்கான்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். நாற்காலிக் கம்பிகள் மறைந்தன.

"என்னய்யா சத்தம்?" என்றார் கேப்டன். "கப்பல் மறுபடியும் தட்டிடுச்சா? ரைட்டர், பட்டியலை எடு. அடுத்த நம்பர் என்ன?"

அவரைச் சமாதானப்படுத்தி உட்காரவைத்தார்கள். பிறகு சமையல்காரர்தான் சொன்னார். "இல்லேன்னா மூணு உசிரு போகுது. இருந்தான், அவன்தான் பண்ணான்னா பொண்ணு வேலை போகுது. அப்போ இருந்தான், ஆனா அவன் பண்ணல. அப்படித்தான் சொல்லியாகணும்."

"அவன் பண்ணலன்னா," என்றார் ரைட்டர், "யார் பண்ணா?"

இரண்டு பேரும் சுக்கான்காரரைப் பார்த்தார்கள். அவர் கதவிடுக்கு வழியாகத் தன் மனைவியைப் பார்த்தார். டீச்சர் அந்தப் பெண்ணின் கணக்கில் ஒரு பிழை கண்டுபிடிக்க முயன்று, கிடைக்காமல், பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர் பால் காய்ச்சினால் பொங்கிவிடும், ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்துவிடும், வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மாறிவிடும். போகட்டும், ஒரு காலத்தில் கப்பலையே காப்பாற்றிய மனுஷன் என்று ஒவ்வொரு முறையும் விட்டுக்கொடுத்தவள் அவள். அந்த ஒரு பகலை வைத்துத்தான் அவர் வீட்டில் நாற்பத்தொரு ஆண்டுகள் காலம் தள்ளியிருந்தார். அதை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது பொங்கிய பாலும் பெயர்ந்த சுவரும்தான்.

பன்னிரண்டரைக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையேறினார். எண்பத்தெட்டு முதல் வரிசையில், துண்டின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பாடம் கேட்கவந்த பிள்ளைபோல நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே," என்றார். "எனக்கு நான் தண்ணியில குதிச்சதுலேர்ந்துதான் தெரியும். அதுக்கு முன்னாடி என்ன பண்ணேன்னு எனக்கே தெரியாது. முழுசா சொல்லுங்க."

அலை அறுபத்து மூன்று அடி என்று இந்த ஆண்டு தொடங்கியிருக்க வேண்டும். சுக்கான்காரர் வாயைத் திறந்தார். "அலையே இல்ல," என்றது வாய்.

பின்னால் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அன்னிக்கு வெயிலு. கடல் தரை மாதிரி கெடந்தது. சுக்கான் என் பொறுப்பு. நான் அதைக் கயித்தால கட்டிட்டு, மீசைக்கு மை பூசிக்கக் கீழ போயிட்டேன். இந்தத் தம்பி..." இங்கே அவர் ஒரு நொடி நிறுத்தினார். ரைட்டர் கண்ணை மூடிக்கொண்டார். "இந்தத் தம்பி அன்னிக்கு மேல் தளத்துல நின்னான். மணல் திட்டு, மணல் திட்டுன்னு தொண்டை கிழியக் கத்தினான். கீழ எனக்குக் கேட்டுச்சு. இன்னொரு பூச்சு இருக்கு, போட்டுட்டு வரலாம்னு உக்காந்திருந்தேன். கப்பல் தட்டினப்போ தூக்கியெறிஞ்சதுல தண்ணிக்குள்ள விழுந்தான். அவன் ஓடல. நாங்கதான் அவனைத் தேடல."

அவர் பேசப் பேச எண்பத்தெட்டின் கண்கள் இரண்டும் நேராயின. சட்டை காலர் முதலில் உலர்ந்தது, பிறகு தோள், பிறகு கை. காய்ந்த உப்பு வெள்ளையாகத் தரையில் உதிர்ந்தது. அவர் மனைவி துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அதன் பிறகு அவளுக்குக் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கணக்கு டீச்சர் எழுந்து நின்றாள். மொத்தக் கூட்டமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"மையா?" என்றாள்.

"ஆமா."

"நான் பார்த்த அந்தக் கறுப்பு மீசை மையா?"

"ரெண்டாவது பூச்சு முடியல," என்றார் சுக்கான்காரர். "ஒரு பக்கம்தான் கறுப்பு. அதனாலதான் அன்னிக்கு உன்கிட்ட ஒரு பக்கமாவே திரும்பி நின்னு பேசினேன்."

"வெக்கப்படறீங்கன்னு நெனச்சேன்," என்றாள் டீச்சர். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் எண்பத்தெட்டின் மனைவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்து சமையல்காரர் எழுந்தார். அடுப்படித் தீ தன் வேலைதான் என்றார். கம்பளி விற்றவர் எழுந்தார். கேப்டனின் காதில் உரக்கச் சொன்னதும் அவரும் எழுந்து தொலைநோக்கியை ஒப்புக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கைதட்டல் கிடைப்பதைப் பார்த்ததும் ஆள் ஆளுக்கு மைக்கைப் பிடுங்கினார்கள். சாப்பாடு ஆறும்போது, அடுப்படியை மூன்று தடவை கொளுத்தியதாகச் சமையல்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பளிகள் நாற்பத்திரண்டு அல்ல, நானூற்று இருபது என்று ஆனது. தவறே செய்யாமல் பணியை முடித்த அப்பாவி ஒருவர், தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லாத அவமானத்தில், நங்கூரத்தைத் திருடியது நான்தான் என்று அழுதார். கப்பலின் நங்கூரம் எப்போதும் காணாமல் போனதில்லை.

"மாமா, போதும்," என்றாள் எண்பத்தெட்டின் மகள். "எனக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் வேணும்."

ரைட்டர் எழுதினார். எழுபது வயதிலும் முத்து முத்தான எழுத்து. சுக்கான்காரர் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது மாறவில்லை.

அதன் பிறகு ஏழு மாதம், உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தாண்டி டீச்சர் அவரிடம் பேசவில்லை. எட்டாவது மாதம் ஒரு மாலை, அவர் காய்ச்சிய பால் பொங்கி அடுப்பை அணைத்தபோது, சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "சுக்கானைக் கட்டிட்டு எங்க போனீங்க?" என்றாள். அவருக்குச் சிரிப்பதா என்று சந்தேகமாக இருந்தது. அவள் சிரித்ததும் சிரித்தார். அவர் மேடையில் சொன்னதில் பாதி உண்மை, பாதி பொய். எந்தப் பாதி எது என்று டீச்சர் கேட்கவில்லை. பொய்க்கு முட்டை, உண்மைக்கு முப்பத்தைந்து, ஏதோ பாஸ் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

பெண்ணுக்கு வேலை கிடைத்தது. நான்கு ஆண்டுகளில் அறுநூறு கப்பல்களைக் கீறல் இல்லாமல் உள்ளே கொண்டுவந்தாள். எண்பத்தெட்டு துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்தார். அடுத்த சந்திப்பிலேயே செயற்குழுவில் சேர்ந்து, நாற்காலி சரியில்லை, மைக் கரகரக்கிறது என்று மற்றவர்களைப் போலவே குறைசொல்லத் தொடங்கினார். அவரிடம் ஒரே ஒரு விசித்திரம்தான் இருந்தது. கதையில் அவர் கத்தியவர் என்று ஆகிவிட்டதால், எந்தக் கப்பல் அந்தத் திட்டை நெருங்கினாலும் அவரால் கத்தாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டிலிருந்து எழுந்து, குளியலிலிருந்து பாதி ஈரத்தோடு, ஒருமுறை பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து, கரைக்கு ஓடிவந்து மணல் திட்டு, மணல் திட்டு என்று கத்தினார். மூன்று மைல் தூரத்துக்கு அது கேட்டது. பக்கத்துவீட்டுக்காரர்கள் புகார் எழுதினார்கள். துறைமுக அலுவலகம் ஓர் அதிகாரியை அனுப்பி ஆறு வாரம் கவனித்தது. மணல் இடம் மாறிய இரண்டு நாட்களிலும் திட்டைக் காட்டும் மிதவை பழைய இடத்திலேயே மிதந்தது, இவர் மட்டும் சரியான நேரத்தில் கத்தினார் என்று அவர் அறிக்கை கொடுத்தார். சத்தம் கேட்ட கப்பல்கள் ஒதுங்கிப்போயின. கீழே மீசைக்கு மை பூசிக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டு மேலே வந்தார்களா என்பது அறிக்கையில் இல்லை.

சுக்கான்காரர் வாரத்துக்கு மூன்று நாள் கரையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரல் கம்மும்போது குடிக்க வெந்நீர் ஊற்றிக் கொடுக்கிறார். மீசை இப்போது முழு வெள்ளை. கடல் வழி வரைபடத்தின் புதிய பதிப்பில் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கிறது. ஆழம், நீரோட்டம், விளக்கின் நிறம் ஆகியவற்றுக்குக் கீழே அது இருக்கிறது: இவ்விடத்தில் கரையிலிருந்து ஒருவர் கத்துவார். கேட்டு நடக்கவும்.